சட்டியில் இருக்கிறது, அகப்பையில் வரவில்லை
(சென்னையில் பொது சுகாதாரப் பணியாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் பேராசிரியர் ஐயா அவர்களே, இந்த மழையிலும் ஆலந்தூரிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நல அலுவலர் அம்மா அவர்களே, வரவேற்புரையில் என்னைப் பெரிதும் பாராட்டிய செயலாளர் தம்பி அவர்களே, வேலை முடிந்த கையோடு சீருடையிலேயே வந்திருக்கும் சுகாதார ஆய்வாளர்களே, செவிலியர்களே, கொசு ஒழிப்புப் பணியாளர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். ஆய்வுத் தொகுப்பு என்றால் என்ன, அது உங்களை ஏன் எட்டவில்லை, எட்ட வைக்க என்ன செய்ய வேண்டும்.

ஒரு கேள்விக்கு உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தேடி எடுத்து, தரம் பார்த்து, மிஞ்சியவற்றைச் சேர்த்து விடை சொல்வதுதான் ஆய்வுத் தொகுப்பு, ஆங்கிலத்தில் சிஸ்டமேடிக் ரிவ்யூ. இப்படித் தொகுக்காமல் இருக்கிறோமே என்று 1979-இல் மருத்துவ உலகைக் கடிந்துகொண்டார் பிரிட்டிஷ் மருத்துவர் ஆர்ச்சி காக்ரேன். இத்தகைய தொகுப்புகளைச் செய்ய அவர் பெயரிலேயே 1993-இல் ஓர் அமைப்பு உருவானது. அதன் நூலகத்தை இந்தியாவில் எவரும் கட்டணமின்றிப் படிக்க 2007-இல் ஐ.சி.எம்.ஆர். என்னும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வழி செய்தது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். எந்த மேடை ஏறினாலும் நான் சொல்லும் பழமொழி. இங்கே சட்டி நிறைய இருக்கிறது ஐயா! அகப்பையில்தான் வரவில்லை.

ஏன்? பெரம்பூர் பக்கம் எனக்குத் தெரிந்த சுகாதார ஆய்வாளர் ஒருவர். போன மழைக்காலத்தில் அவர் பகுதியில் ஒரு பிள்ளைக்கு டெங்கு. தெருவே கூடிவிட்டது. "புகை அடிங்க சார், நாலு நாளா கேக்கறோம்!" அவர் பொறுமையாகச் சொன்னார்: "அம்மா, புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். புழு தண்ணீரிலேயே இருக்கும். உள்ளே வந்து பார்க்கட்டுமா?" பார்த்தார். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் வடியும் தட்டை இழுத்து டார்ச் அடித்தால், புழுக்கள் நெளிகின்றன. மொட்டை மாடித் தொட்டிக்கு மூடியே இல்லை. எல்லாவற்றையும் காட்டினார். எல்லாரும் தலையாட்டினார்கள். அப்புறம் பெரியவர் ஒருவர் கேட்டார்: "அது சரி தம்பி, புகையால் மட்டும் பிரயோஜனமில்லை என்று யார் சொன்னது? ஏதாவது பேப்பர் இருக்கா?"

இருக்கிறது! வீடுகளைச் சுற்றிப் புகையடிப்பதை மட்டும் நம்பி டெங்குவைக் கட்டுப்படுத்தலாம் என்பதற்குத் தெளிவான சான்று இல்லை என்று 2010-இலேயே ஓர் ஆய்வுத் தொகுப்பு வந்துவிட்டது. பல வருஷமாகச் சட்டியில் கிடக்கிறது. தெருவில் நின்ற அந்தச் சுகாதார ஆய்வாளர் கையில் ஒரு தாள் இல்லை. வண்டி வரவழைத்தார், புகை அடித்தார்கள், கூட்டம் கலைந்தது. தொட்டிக்கு மூடி வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

ஆகவே, வருஷக்கணக்காக நான் கேட்டு வருவதை இன்றும் கேட்கிறேன். தமிழில் ஒரு பக்கம். ஓர் ஆய்வுத் தொகுப்புக்கு ஒரே ஒரு பக்கம். காக்ரேன் அமைப்பின் தொகுப்புச் சுருக்கங்கள் சில தமிழிலும் வந்திருக்கின்றன. தன்னார்வலர்கள் செய்த அரிய வேலை அது. ஆனால் அரசு செய்ய வேண்டியதைத் தன்னார்வலர் தலையில் எத்தனை நாள் வைப்பது? டெங்கு, குடிநீர், தடுப்பூசி, சர்க்கரை நோய் என்று களத்தில் வரும் கேள்விகளுக்கு முதலில் எழுதட்டும். ஒவ்வொரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டட்டும், உங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடட்டும்.

இதைத் தீர்மானமாக நிறைவேற்றித் துறை இயக்குநருக்கு அனுப்ப இங்கேயே முன்மொழிகிறேன். ஒரு நிபந்தனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அச்சுக்குப் போகும் முன் கொசு ஒழிப்புப் பணியாளர் இருவர் ஒவ்வொரு பக்கத்தையும் படித்து, புரிகிறது என்று கையெழுத்திட வேண்டும். நன்றி, வணக்கம்.