தடவிப் பார்க்கும் கலங்கள்

(மட்டக்களப்பில் மாணவருக்கும் பொதுமக்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

முன்வரிசையிலிருந்து ஒரு தட்டு கைமாறி வந்துகொண்டிருக்கிறது. அதில் இருப்பது சுறாத்தோல். நேற்றுச் சந்தையில் வாங்கிக் கழுவிக் காயவைத்தேன். தலைப் பக்கமிருந்து வால் பக்கமாகத் தடவுங்கள், வழுக்கும். திருப்பித் தடவுங்கள், அரம் மாதிரி விரலைப் பிடிக்கும். சுறா வறைக்காக அம்மா சுடுதண்ணீர் ஊற்றிச் சுரண்டும்போது மணல் மணலாக உதிருமே, அதுதான் உங்கள் விரலைப் பிடிக்கிறது. அந்த மணல் ஒவ்வொன்றும் ஒரு குட்டிப் பல். நம் பல்லைப் போலவே உள்ளே கூழ்க்குழி கூட உண்டு.

கப்பலின் அடியில் பாசி ஒட்டாமலிருக்க அமெரிக்கக் கடற்படை வழி தேடியது. புளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அந்தனி பிரென்னன் இந்தத் தோலைப் பார்த்து, பிளாஸ்டிக்கில் 2 மைக்ரோமீற்றர் அகலமுள்ள வரிகளை அச்செடுத்தார். ஒரு தலைமயிரின் அகலத்துக்குள் அப்படிப் பதினைந்து வரிகளையாவது அடுக்கலாம். அதில் மருந்து எதுவும் இல்லை. ஆனாலும் பற்றீரியா குடியேறச் சிரமப்படுகிறது. உடலுக்குள் வைக்கும் பொருளின் மேற்பரப்பைப் பற்றி யோசிக்க எனக்கு முதலில் கற்றுத்தந்தது இந்தத் தோல்தான்.

சரி, நம் உடலை ஆக்கியிருக்கும் நுண்ணிய கலங்களுக்கு, அதாவது செல்களுக்கு, வருவோம். கலத்துக்குக் கண் இல்லை. எந்தப் பக்கம் போவது என்று அது எப்படி அறிகிறது? 1914இல் அமெரிக்க உயிரியலாளர் ரோஸ் ஹரிசன் இதற்கு ஒரு அருமையான சோதனையை எழுதி வைத்தார். கருநிலைக் கலங்களை அவர் சிலந்தி வலையின் இழைகளில் விட்டார். கலங்கள் இழையைப் பற்றிக்கொண்டு, அதன் நீளத்துக்கே நீண்டு நகர்ந்தன. பற்றிக்கொள்ளத் திடப்பொருள் இல்லாத திரவத்தில் அவற்றால் நகர முடியவில்லை. 1940களில் போல் வைஸ் என்ற உயிரியலாளர் இதற்குத் 'தொடுகை வழிகாட்டல்' என்று பெயர் வைத்தார்.

நகரும் முறை இதுதான். முன்பக்கம் கலம் தன் மெல்லிய ஓரத்தை விரிக்கும். இன்டெக்ரின் என்ற புரதங்களால் தரையைப் பற்றும். உள்ளே இருக்கும் அக்டின் இழைகள் உடலை முன்னே இழுக்கும், பின்பக்கப் பிடி விடும். மழைக்காலத்தில் அட்டை ஊருவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அப்புறம், மாரியில் படுவான்கரை வயல் வரம்பில் நடக்கும் ஒருவரை நினையுங்கள். இரண்டு பக்கமும் தண்ணீர். கால் வைக்க இடம் வரம்பின் நீளத்தில்தான் கிடைக்கும், ஆகவே அவர் வரம்போடு போகிறார். நுண்ணிய வரிகள் செதுக்கிய தளத்தில் கலமும் அதைத்தான் செய்கிறது. இன்னொன்றையும் சொல்லவேண்டும். கலம் வந்து சேருமுன்பே, குருதியிலுள்ள புரதங்கள் அந்தப் பொருளைப் போர்த்துவிடும். கலம் தடவுவது அந்தப் போர்வையை. ஆனால் போர்வை எப்படி விழுகிறது என்பதை அடியிலுள்ள மேடுபள்ளமும் மாற்றுகிறது.

இது நோயாளிக்கு எங்கே பயன்படுகிறது? பல் விழுந்த இடத்தில் வைக்கும் டைட்டேனியம் திருகாணியைப் பாருங்கள். 1952இல் சுவீடனில் பிரானெமார்க் என்ற ஆய்வாளர் முயலின் என்புக்குள் வைத்த டைட்டேனியத்தை எடுக்கப் பார்த்தார், வரவில்லை. என்பு அதோடு ஒன்றிப்போயிருந்தது. 1965இல் முதல் நோயாளிக்குப் பல் வேர் வைத்தார். அன்றைய திருகாணிகள் கடைசல் இயந்திரத்திலிருந்து வந்தபடியே, ஓரளவு வழுவழுப்பாக இருந்தன. பிறகு துகள்களை வேகமாக வீசியும் அமிலத்தில் அரிக்கவிட்டும் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கினார்கள். 1 முதல் 2 மைக்ரோமீற்றர் அளவிலான மேடுபள்ளத்தை என்பு நன்றாகப் பிடிக்கிறது. அதே திருகாணியில் பல் முரசைத் தொடும் கழுத்துப் பகுதியை மட்டும் வழுவழுப்பாக வைப்பது வழக்கம். அங்கே சொரசொரப்பு இருந்தால் பற்றீரியாப் படலம்தான் முதலில் இடம் பிடிக்கும். முறிந்த என்பு பொருந்தியதும் கழற்றவேண்டிய தகடு என்றால், அதையும் மினுக்கி வைப்பதே நல்லது. எது சிறந்த மேற்பரப்பு என்று மாணவர்கள் கேட்கும்போதெல்லாம், யார் குடியிருக்கப் போகிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

கிளாஸ்கோவில் மத்யூ டால்பி குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வின் படங்களை இன்றும் நான் எடுத்துப் பார்ப்பதுண்டு. ஒரு பிளாஸ்டிக் தகட்டில் 120 நனோமீற்றர் அகலக் குழிகள். நனோமீற்றர் என்பது மைக்ரோமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வரிசை பிசகாமல் குழிகளை அடுக்கியபோது என்பு மச்சையின் மூலக்கலங்கள், அதாவது வேறு வகைக் கலங்களாக மாறக்கூடிய கலங்கள், பெரிதாக எதையும் செய்யவில்லை. முற்றிலும் தாறுமாறாக இட்டபோதும் பலன் குறைவு. ஒவ்வொரு குழியையும் அதன் இடத்திலிருந்து 50 நனோமீற்றர் வரை சற்றே தள்ளி வைத்தபோது, என்பை வளர்க்கும் இரசாயனம் எதுவும் கொடுக்காமலே கலங்கள் என்புக்குரிய பொருளை உண்டாக்கத் தொடங்கின. இவ்வளவு சிறிய நகர்த்தல் ஒரு கலத்தின் எதிர்காலத்தையே மாற்றுகிறது. எனக்கு இது இன்னும் பழகிப்போகவில்லை.

இதற்கு ஆபத்தான பக்கமும் உண்டு. மார்பகத்தில் வைக்கும் சிலிக்கோன் உறைகளில் சொரசொரப்பான ஒரு வகை, அரிதான ஒரு நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்புபட்டதால் 2019இல் உலகெங்கும் மீளப்பெறப்பட்டது. உறை இடம் மாறாமல் இருக்கவே அந்தச் சொரசொரப்பைச் செய்தார்கள். என்புக் கலங்கள் தடவுவதை, நோயை எதிர்க்கும் நிர்ப்பீடனக் கலங்களும் தடவும். அதை மறந்து யாரும் மேற்பரப்பைச் செதுக்கக்கூடாது.

கடைசியாக மருதமுனைக்குப் போவோம். அங்கே கைத்தறியில் பாவு விரித்திருப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? நூற்றுக்கணக்கான நூல்கள் ஒரே திசையில், ஒரே இழுவையில் நிற்கும். ஆய்வுகூடத்தில், தசையை என்போடு இணைக்கும் தசைநாணை வளர்ப்பவர்களும் மைக்ரோமீற்றரை விட மெல்லிய இழைகளை இப்படித்தான் ஒரே திசையில் அடுக்குகிறார்கள். கலங்கள் அந்தத் திசையில் நீண்டு, தசைநாணுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தையும் அதே திசையில் இடுகின்றன. இழைகளைக் கண்டபடி கொட்டினால் கொலாஜனும் கண்டபடி போகும், இழுவையைத் தாங்காது. தம்பி தங்கைகளே, உங்களில் யாருடைய வீட்டிலாவது தறி இருந்தால் கூட்டம் முடிந்ததும் நின்று என்னோடு கதைத்துவிட்டுப் போங்கள். ஒரு நூல் தளர்ந்தால் விரலாலேயே கண்டுபிடிக்கும் ஆட்கள் எங்களுக்கு வேண்டும்.