பையன் தேறிவிட்டானா? மெத்தபெட்டமைன் சிகிச்சையில் பலன் தருவது எது

(காட்சி: அதிகாலை, தருமபுரி பேருந்து நிலையம். ஓசூர் பஸ்ஸிலிருந்து இரவு ஷிஃப்ட் முடித்தவர்கள் இறங்குகிறார்கள்.)

வணக்கம். தூக்கத்தையும் பசியையும் விரட்டும் போதைப்பொருளான மெத்தபெட்டமைன் பழக்கத்துக்கு ஆளானவரைச் சிகிச்சைக்குச் சேர்த்த முதல் வாரத்தில் நடப்பதைப் பாருங்கள். பகலெல்லாம் தூங்குகிறார். எழுந்ததும் இரண்டு உருண்டை களி கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். பாலக்கோட்டிலிருந்து வந்த அம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருக்கிறது. "பையன் தேறிவிட்டான், அழைத்துப் போகலாம்" என்கிறார் அப்பா.

தயவுசெய்து அவசரப்படாதீர்கள். தூக்கமும் பசியும் இல்லாமல் ஓடிய உடம்பு இப்போது விட்டதைப் பிடிக்கிறது, அவ்வளவுதான். இந்தத் தூக்கம் தெளிந்த பிறகுதான் மனச்சோர்வும், எதிலும் பிடிப்பில்லாத வெறுமையும், போதைக்கான தவிப்பும் தலைதூக்கும். மூளை ஸ்கேன் ஆய்வுகளில், ஓராண்டுக்கு மேல் விலகியிருந்தவர்களிடம்தான், மகிழ்ச்சியையும் உந்துதலையும் உணரவைக்கும் டோபமின் அமைப்பு ஓரளவு மீண்டது தெரிந்தது.

ஆகவே, எத்தனை நாள் சிகிச்சையில் தொடர்கிறார் என்பதே முதல் கேள்வி. 90 நாளுக்குக் குறைந்தால் பலன் சொற்பம். அத்தனை நாளும் வார்டில் படுத்திருக்க வேண்டியதில்லை. வெளிநோயாளியாகத் தவறாமல் வந்து போவதும் சிகிச்சைதான்.

(காட்சி: மருந்துச் சீட்டு எழுதும் கை.)

"ஒரு ஊசி போட்டால் சரியாகாதா?" ஹெராயின் அடிமைத்தனத்துக்கு மெத்தடோன், புப்ரனார்ஃபின் இருக்கின்றன. மெத்தபெட்டமைனுக்கு அப்படி நிலைபெற்ற மருந்து இல்லை. 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 403 பேருக்கு நால்ட்ரெக்ஸோன், புப்ரோப்பியான் என்ற இரு மருந்துகளின் கூட்டு சோதிக்கப்பட்டது. மருந்து பெற்றவர்களில் 13.6 சதவீதத்தினருக்குப் பலன். ஒப்பீட்டுக்காக மருந்துச் சத்தில்லாத போலி மருந்து பெற்றவர்களில் 2.5 சதவீதம்.

இதுவரை வலுவான சான்று உள்ளது ஊக்கப் பரிசு முறைக்குத்தான். சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் இல்லையென்றால், அன்றைக்கே கையில் ஒரு சிறு பரிசு. தொடர்ந்து விலகியிருந்தால் பரிசு கூடும். தவறினால் ஆரம்பத் தொகைக்கே திரும்பும். "ஒழுங்காக இருப்பதற்குக் கூலியா?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கோபம் புரிகிறது, ஆனால் ஏற்கமாட்டேன். போதை நொடியில் சுகம் தருகிறது. விலகியிருப்பதன் பலனோ மாதங்கள் தள்ளி வருகிறது. அந்த இடைவெளியைத்தான் இந்தப் பரிசு நிரப்புகிறது.

சேரும்போதே பயன்பாடு கடுமையாக இருந்தவர்களுக்கும், ஊசியில் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் பாதை கடினம். சந்தேகம், காதில் குரல் கேட்பது, தற்கொலை எண்ணம் இருந்தால் மனநல மருத்துவரும் சேர்ந்தே பார்க்க வேண்டும்.

பிறகு, திரும்பிப் போகும் இடம். ஓசூரில் இரவு ஷிஃப்டில் கண் விழிக்க இந்தப் போதையைப் பழகியவர், அதே ஷிஃப்ட், அதே அறை, போனில் போதை விற்பவரின் அதே எண் என்று திரும்பினால் எத்தனை நாள் தாங்குவார்? பகல் ஷிஃப்டுக்கு மாற்றித் தருவது சில மாத்திரைகளைவிட மேலான உதவி என்பேன். மறுபடி ஒருமுறை தவறினால் வீட்டைவிட்டுத் துரத்தாமல், மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

போலீசுக்குப் பயந்து மறைக்கும் குடும்பங்களுக்கு ஒன்று. போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 1985இன் 64ஏ பிரிவு, தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை பெறுபவருக்குப் பயன்படுத்திய குற்றத்தில் பாதுகாப்பு தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போகலாம். போதை மீட்பு உதவிக்கு அழைக்க 14446, கட்டணமில்லை.