படுகளத்தில் விடிந்த காலை

அனைவருக்கும் வணக்கம். செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தின் திரௌபதி அம்மன் கோயில் திடலில் நின்று பேசுகிறேன். எனக்குப் பின்னால் தெரிவதை மண்மேடு என்று நினைத்துவிடாதீர்கள். மல்லாந்து கிடக்கும் துரியோதனன் அது. பாரதப் போரின் முடிவை இப்படி நடத்திக் காட்டும் சடங்கைத்தான் படுகளம் என்கிறார்கள். நேற்றுப் பகல் முழுவதும் ஊர்க்காரர்கள் மண்ணைக் குழைத்துப் போட்டு, மீசை வைத்து, வண்ணம் தீட்டி, தொடைப் பக்கத்தில் சிவப்பு நீர் நிரப்பிய பானையைப் புதைத்து வைத்திருக்கிறார்கள். இன்னும் சிறிது நேரத்தில் வீமன் வருவான்.

சென்ற காணொளியில், இந்தத் திருவிழாவில் இரவெல்லாம் ஆடும் தெருக்கூத்தின் முக்கியக் காட்சிகளை மட்டும் பத்து நிமிடத்துக்குள் தொகுத்துத் தருமாறு பலர் கேட்டிருந்தீர்கள். முயன்று பார்த்தேன், முடியவில்லை. கூத்தைத் திருவிழாவிலிருந்து பிரித்தெடுத்தால் மிஞ்சுவது ஆட்டமும் பாட்டும்தான். இங்கே நடப்பதோ ஊரே சேர்ந்து செய்யும் வழிபாடு.

பங்குனி தொடங்கி ஆடி வரை தமிழ்நாட்டின் வடமாவட்டங்களில் பாரதம் வைக்கும், அதாவது மகாபாரதக் கதையைத் திருவிழாவாக நடத்தும் ஊர்களில், பிற்பகலில் பிரசங்கியார் வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய வில்லிபாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார்; பகலில் கேட்ட கதையை இரவில் கூத்தாடிகள் கண்முன் நிறுத்துவார்கள். வில் வளைப்பு, சூது துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம் என்று இரவுகள் நகர்ந்து, பதினெட்டாம் போரில் வந்து நிற்கும்.

நேற்றிரவு ஒப்பனைக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். துரியோதனன் வேடம் கட்டும் பெரியவர், அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, கையகலக் கண்ணாடியைப் பார்த்துத் தாமே முகம் எழுதிக்கொண்டார். பிறகு புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் ஏறின. எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தைச் செதுக்கி, கண்ணாடிச் சில்லுகள் பதித்த கட்டைகள் அவை. ஒவ்வொரு கயிற்றையும் இன்னொருவர் முழங்காலால் முட்டுக்கொடுத்து இழுத்து முடிந்தார். விடிய விடியக் கிறுகி அடித்துச் சுழன்று ஆடும்போது ஒரு முடிச்சும் நெகிழக் கூடாதல்லவா! கடைசியாகக் கிரீடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் அதைத் தலையில் வைக்கவிட்டார். நாகசுரம் போன்ற சிறிய ஊதுகருவியான முகவீணை கூவ, இருவர் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து அவர் குரல் எழுந்தபோது, மூன்று மணிநேரம் என்னோடு பேசிக்கொண்டிருந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

துகிலுரிதல் இரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். திரௌபதியாக வேடம் கட்டியவர் ஆண். ஆனாலும் துச்சாதனன் வேடக்காரர் சேலையில் கை வைப்பதற்கு முன் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றி, தாயே, பிழை பொறுக்க வேண்டும் என்று வணங்கினார். முன்வரிசையில் இருந்த பெண்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். அந்த நேரத்தில் கேமராவைக் கீழே இறக்கிவிட்டேன்; அதனால் அந்தக் காட்சி உங்களுக்குக் கிடைக்காது.

தபசு மரம் ஏறிய நாளும் அப்படித்தான். வானத்தைத் தொடுவதுபோல் நட்ட மரத்தில் அர்ச்சுனன் பாடிக்கொண்டே படிப்படியாக ஏற, குழந்தை வரம் வேண்டி வந்த பெண்கள் ஈரச் சேலையோடு மரத்தடியில் கிடந்தார்கள். உச்சியிலிருந்து அவர் வீசிய எலுமிச்சம்பழத்தை மடியில் ஏந்திக்கொண்ட ஒரு பெண், வெகுநேரம் முந்தானையை அவிழ்க்கவே இல்லை. அவருக்கு அது நாடகம் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதோ, மேளம் நெருங்கிவிட்டது. இராத்தூக்கம் இல்லாமல் சிவந்த கண்களோடு வீமனும் துரியோதனனும் மண் உருவத்தைச் சுற்றி ஓடுகிறார்கள், பாருங்கள். சிறுவர்கள் பின்னால் துரத்துகிறார்கள். வீமன் தொடையில் அடிக்கிறான், பானை உடைகிறது. விரித்த கூந்தலோடு திரௌபதி வந்து மண் மார்பின்மேல் ஏறி நிற்க, அந்தச் சிவப்பைத் தொட்டுக் கூந்தலில் தடவிப் பூச்சூட்டி முடிக்கிறார்கள். குலவைச் சத்தம் உங்களுக்கும் கேட்கிறதல்லவா?

மாலையில் தீமிதி. அதற்குள் கூட்டம் துரியோதனனை நோக்கிக் குனிந்துவிட்டது. ஆளுக்கொரு பிடி மண் எடுக்கிறார்கள், நெற்குதிரில் போட்டு வைப்பதற்கு. பக்கத்தில் நின்ற பாட்டி எனக்கும் ஒரு பிடி அள்ளிக் கொடுத்திருக்கிறார். இன்னும் ஈரமாகவே இருக்கிறது.