இரண்டு பேர், ஒரு கிணறு

மண்டபத்தை மனமுவந்து தந்த தலைமையாசிரியை அம்மா அவர்களே, அறுவடை வேலைக்கு நடுவிலும் தலைமை தாங்க வந்திருக்கும் ஊராட்சித் தலைவர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தமிழாசிரியப் பெருமக்களே, சால்வைக்குப் பதிலாகப் புத்தகம் தந்த வாசகர் வட்டத் தோழர்களே, கதை எழுத ஆசைப்பட்டு வந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

இரண்டு பேருக்கு நடுவே உள்ள உறவை வைத்துச் சிறுகதை எழுதுவது பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒரு கை தட்டினால் ஓசை வராது என்பார்கள். சிறுகதைக்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணம் கிடையாது. ஒருவருக்கு வேண்டியது மற்றவர் கையில் இருக்க வேண்டும். அவரால் கொடுக்கவும் முடியக்கூடாது, கொடுக்காமல் இருக்கவும் முடியக்கூடாது.

எங்கள் ஊரில் அண்ணன் தம்பி இருவர். பாகம் பிரித்தபோது நிலம் பிரிந்தது, கிணறு மட்டும் பொது. ஒருநாள் அண்ணன் முறை, மறுநாள் தம்பி முறை. வரப்புத் தகராறில் ஒன்பது வருஷம் பேச்சில்லை. முறை முடிந்ததும் அண்ணன் மோட்டார் ரூமில், மோட்டாருக்கு மின்சாரம் போக வைத்திருக்கும் மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். தம்பி தனக்கென்று வேறு மூன்று வாங்கி வைத்திருந்தார். ஒரு கோடையில் தம்பிக்குக் கடுங்காய்ச்சல். நெல் பால் பிடிக்கிற நேரம். மும்முனை மின்சாரம் ராத்திரி இரண்டு மணிக்குத்தான் வரும். தம்பி மனைவி டார்ச் லைட்டோடு ஓடினார். போய்ப் பார்த்தால் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. மடை அவர்கள் வயலுக்குத் திரும்பியிருக்கிறது. ஆளைக் காணோம். ஆணியில் அந்த மஞ்சள் பை. உடம்பு தேறியதும் தம்பி போய், அந்தப் பைக்குள் ஒரு கவுளி வெற்றிலை வைத்துவிட்டு வந்தார். அப்புறமும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் பை அந்த ஆணியை விட்டு இறங்கவே இல்லை.

இதை 22 வயதில் நான் கதையாக எழுதினேன். பத்திரப் பதிவு, பஞ்சாயத்து, மாமனார் என்று முப்பது பக்கம். எங்கள் கிளை நூலகர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ கதையை எடுத்து என் முன்னால் வைத்தார். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் கணவன், நோயில் கிடக்கும் மனைவி. கடையிலிருந்து புடவை கொண்டுவந்து அவளிடம் காட்டுகிறான். அந்த இரண்டு பேரே போதும் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. வீட்டுக்கு வந்து, அண்ணன், தம்பி, அந்தப் பை தவிர மற்றதையெல்லாம் அடித்தேன்.

அந்த நூலகத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்த நூலகம் இன்று காலையில் சில மணி நேரம்தான் திறந்திருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பூட்டுத்தான் தொங்குகிறது. 1948-லேயே இங்கே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. நாம் கட்டும் சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியும் கட்டுகிறோம். வரி கட்டுவது ஒரு கை என்றால், கதவைத் திறப்பது இன்னொரு கை. ஒரு கை தட்டினால் ஓசை வராது, ஐயா! எழுதுகிறவன் இருந்தும் படிக்க இடமில்லை என்றால் அந்தக் கதை யாருக்கு?

மாலை ஐந்திலிருந்து எட்டு வரை திறக்கச் சொல்லி மனு எழுதி வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். தலைவர் ஐயா முதல் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். பேனாவும் அங்கேயே இருக்கிறது. வாருங்கள்.