லிஃப்ட்டுக்குள்ள சொன்னது கணக்கில்லை

வணக்கம் நேயர்களே. நான் சட்டத்தரணி இல்லை, அதை முதலே சொல்லிவிடுகிறேன். கனடாவில், ரொறன்ரோ நகரத்தின் ஸ்காபரோவில் ஒரு தொடர்மாடியில் 19 வருசமாக வாடகைக்கு இருக்கிறவன். எங்கள் கட்டடத்தில் குடியிருப்பாளர் சங்கம் தொடங்கியபோது கடிதம் எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. அந்தக் கடிதங்கள் எனக்குப் படிப்பித்ததைத்தான் இன்றைக்குக் கதைக்கப் போகிறேன்.

12ஆம் மாடியில் ஒரு அம்மம்மா. பேரனுக்கு இரண்டு வயது. சோபாவில் ஏறி யன்னல் ஓரம் நின்று கீழே போகிற பஸ்ஸை எண்ணுகிற பிள்ளை. பக்கவாட்டில் இழுத்துத் திறக்கிற அலுமினிய யன்னல் அது. ஓரளவுக்கு மேல் ஓடாமல் தடுக்கிற சின்னக் கட்டை ஒன்று அதில் இருக்க வேண்டும். அது உடைந்துபோய், யன்னல் முழுசாகத் திறந்தது. அம்மம்மா தும்புத்தடியை அளவாக வெட்டி, யன்னல் ஓடுகிற தவாளிப்பில் படுக்க வைத்திருந்தா.

"சுப்பரிட்டை மூண்டு தரம் சொல்லீட்டன் தம்பி."

"எங்கை வைச்சுச் சொன்னீங்கள் அம்மா?"

"லிஃப்ட்டுக்குள்ள."

அவரும் "ஓகே, ஓகே" என்றாராம்.

சுப்பர், அதாவது கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள், பொல்லாதவர் இல்லை. ஆனால் கட்டடத்தின் சொந்தக்காரர் எங்கேயோ இருக்கிற ஒரு முதலீட்டு நிறுவனம். அவர்களுக்காக நிர்வாகக் கம்பனி ஒன்று கட்டடத்தை நடத்துகிறது. சுப்பர் அந்த ஏணியின் கடைசிப் படி. அவர் காதில் விழுந்தது பதிவேட்டில் ஏறாவிட்டால், கம்பனியைப் பொறுத்தவரை நீங்கள் வாயே திறக்கவில்லை.

ரொறன்ரோவில் 2017 யூலை 1 முதல் ரென்ட்சேஃப் என்று ஒரு விதி இருக்கிறது. மூன்று மாடியும் அதற்கு மேலும், பத்து வாடகை வீடும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களுக்கு அது பொருந்தும். முறைப்பாடு வந்தால் பதிந்துவைக்க வேண்டும். தண்ணீர், மின்சாரம், வெப்பம், கட்டடத்தின் பாதுகாப்பு போன்ற அவசர விசயம் என்றால் 24 மணித்தியாலத்துக்குள், மற்றவைக்கு 7 நாளுக்குள் பதில் தர வேண்டும். பதில் என்றுதான் விதி சொல்கிறது, திருத்திக் கொடுப்பது என்று அல்ல. அந்த வித்தியாசத்தில்தான் கம்பனிக்காரர் ஒளித்துக்கொள்வார்கள்.

யன்னலுக்கும் மாநகரசபை விதி உண்டு. நிலத்திலிருந்து இரண்டு மீற்றருக்கு மேலே உள்ள யன்னல் 10 சென்ரிமீற்றருக்கு மேல் திறக்கக் கூடாது.

நான் எழுதிய முதல் கடிதத்தைக் கிழித்துப்போட்டேன். அம்மம்மா சொல்லச் சொல்ல யன்னல், கரப்பான், கராஜ் வெளிச்சம், பக்கத்து வீட்டு நாய் என்று இரண்டு பக்கம் போய்விட்டது. அப்படி எழுதினால் கரப்பானுக்கு மருந்து அடித்துவிட்டு "கவனித்தாயிற்று" என்று கோப்பை மூடுவார்கள். ஒரு ஆபத்துக்கு ஒரு கடிதம். இரண்டாவது கடிதம் ஐந்து வரி: திகதி, வீட்டு இலக்கம், எந்த அறை யன்னல், எப்போதிருந்து உடைந்திருக்கிறது, வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை, எந்தத் திகதிக்குள் திருத்துவீர்கள். கோபம் ஒரு சொல்லும் இல்லை. அளவு நாடாவை யன்னலில் பிடித்து எடுத்த படம் ஒன்று. மின்னஞ்சலில் அனுப்பினோம். அச்சடித்த பிரதியை அலுவலகத்தில் கொடுத்து, மற்றப் பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்கினோம்.

ஏழு நாள் போயிற்று. சத்தமே இல்லை. எட்டாம் நாள் மாநகரசபையின் தொலைபேசி இலக்கமான 3-1-1க்கு அடித்தோம். தமிழில் கதைக்க மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம், கேளுங்கள். போனை வைக்க முதல் முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி எழுதி வையுங்கள். மாநகரசபை அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு கம்பனிக்குத் திடீரென்று எங்கள் மின்னஞ்சல் கிடைத்துவிட்டது.

இந்த இடத்தில் எல்லாரும் என்னிடம் கேட்கிற கேள்வி: "வாடகையை நிப்பாட்டினால் ஓடி வருவாங்கள்தானே?" வருவார்கள், என்-4 என்ற பத்திரத்தோடு. குறித்த நாளுக்குள் கட்டு, இல்லாவிட்டால் வெளியேற்ற விண்ணப்பிப்போம் என்று. பிறகு யன்னல் கதை போய் வாடகைப் பாக்கிக் கதை ஆகிவிடும். வாடகையைக் கட்டிக்கொண்டே, வாடகைக் குடியிருப்புத் தீர்ப்பாயத்தில் ரி-6 என்ற, திருத்த வேலை செய்யாததற்கான விண்ணப்பம் போடலாம். ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். வாடகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தரச் சொல்லியும் கேட்கலாம். ஆனால் அங்கே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரும். ஆகவே ஆபத்துக்கு 3-1-1, இழப்பீட்டுக்குத் தீர்ப்பாயம்.

இன்னொரு பயம், "முறைப்பாடு செய்தால் எழுப்பிப் போடுவாங்கள்." எங்கள் மாகாணமான ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. மாநகரசபையிடம் முறையிட்டதற்காகவோ சங்கத்தில் சேர்ந்ததற்காகவோ ஒருவரை வெளியேற்றக் கேட்டால், தீர்ப்பாயம் அதை மறுத்தே ஆக வேண்டும். "நீங்கள் வரேக்கையே அது உடைஞ்சுதானே இருந்தது" என்பதும் செல்லாது. தெரிந்துகொண்டு குடிவந்திருந்தாலும் திருத்துகிற பொறுப்பு அவர்களுடையதுதான்.

யன்னலை விட எனக்குப் பெரிய கவலை கதவு. உங்கள் வீட்டு வாசல் கதவைத் திறந்து கையை விட்டுப் பாருங்கள். தானாகப் போய் பூட்டிக்கொள்ள வேண்டும். 2022 சனவரி 9, நியூயோர்க்கின் பிராங்ஸில் ஒரு தொடர்மாடியில் மின்சூடாக்கியால் ஒரு வீட்டில்தான் தீ. அந்த வீட்டுக் கதவும், படிக்கட்டுக் கதவொன்றும் பூட்டாமல் நின்றதால் புகை கட்டடம் முழுக்க ஏறியது. 17 பேர் இறந்தார்கள், அதில் எட்டுப் பேர் பிள்ளைகள். எங்கள் சங்கம் ஒரு பின்னேரம் நடந்து பார்த்ததில் எங்கள் மாடியிலேயே நாலு கதவு பாதியில் நின்றது. எல்லாப் பழியையும் கம்பனியில் போடவும் முடியாது. மீன் பொரிக்கிற அன்றைக்குக் கதவுக்குக் கீழே செருப்பைச் செருகுகிறது யார்? நாங்கள்தான். பொரியல் புகைக்குக் கத்துகிறது என்று புகை எச்சரிக்கைக் கருவியின் பற்றரியைக் கழற்றுகிறதும் நாங்கள்தான். அதைக் கழற்றுவது சட்டப்படி எங்கள் குற்றம்.

எங்கள் ஆட்கள் நிறையப் பேருக்கு இந்த நாட்டின் முதல் விலாசம் ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுன். அங்கே 2018 ஓகஸ்ட்டில் பார்லிமென்ட் வீதித் தொடர்மாடி ஒன்றில் மின்சாரத் தீ. 1,500 பேருக்கு மேல் ஓராண்டுக்கும் மேலாக வீடு திரும்பவில்லை. பிளக் சூடாக இருந்தால், வெளிச்சம் விட்டுவிட்டு எரிந்தால், நாளைக்கு என்று இருக்காதீர்கள். எரிகிற மணம் வந்தால் கடிதம் எழுதிக்கொண்டிராமல் 9-1-1க்கு அடியுங்கள்.

பேஸ்மென்ற்றில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரென்ட்சேஃப் உங்களுக்குப் பொருந்தாது, ஆனால் 3-1-1உம் தீர்ப்பாயமும் உங்களுக்கும்தான். அங்கே நிர்வாகக் கம்பனி இல்லை. மேலே இருக்கிற வீட்டுக்காரர் எங்கடை ஆள், கோயிலில் முகம் பார்க்க வேண்டியவர். அதுதான் கஷ்டம். அவருக்கும் கைபேசியில் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள், மரியாதையாக, திகதியோடு.

அம்மம்மாவின் யன்னலுக்கு ஒரு பெடியன் வந்தான். இரண்டு திருகாணி, ஐந்து நிமிச வேலை. போகும்போது அந்தத் தடியைத் தூக்கிக் குப்பையில் போடப் பார்த்தான். அம்மம்மா விடவில்லை. அவன் கையிலிருந்து வாங்கித் திரும்பவும் தவாளிப்பிலேயே வைத்துவிட்டா.