மரங்கொத்தியின் மூன்றாவது பெயர்

அவையோர்க்கு வணக்கம். உரத்துக் குரலெழுப்பியபடி தென்னந்தோப்புகளில் ஏறியிறங்கிப் பறக்கும் பொன்முதுகு மரங்கொத்தியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் அறிவியல் பெயர் டைனோபியம் பெங்காலென்ஸ். 1758-இல் சுவீடன் நாட்டு இயற்கையியல் அறிஞர் லின்னேயசு அதனைப் பைக்கஸ் என்னும் பேரினத்தில், அதாவது நெருங்கிய சிற்றினங்களின் தொகுதியில், சேர்த்து விவரித்தார். பின்னர் பேரினம் மாறியதனால்தான் அவர் பெயரும் அவ்வாண்டும் இன்று அடைப்புக்குறிக்குள் எழுதப்படுகின்றன.

ஒரே சிற்றினத்துக்குள் இடத்துக்கு இடம் வேறுபடும் பிரிவே துணைச் சிற்றினம். அதைக் குறிக்கும்போது மூன்றாவது சொல் ஒன்று சேர்கிறது. தமிழகத்துப் பறவை பங்டிகோல் எனப்படும். கழுத்தின் வெண்புள்ளிகள் அதற்குப் பெயர் தந்தன. கேரளப் பகுதிப் பறவைக்குப் பறவையியலாளர் சாலிம் அலியின் மனைவியார் தெஹ்மினாவைப் போற்றி டெமினே என்று பெயரிட்டார்கள். வங்காளத்துப் பறவைக்கோ பெங்காலென்ஸ் என்ற சொல்லே இருமுறை வரும். அது முதலில் பெயர் பெற்றது என்பதைத் தவிர, அதற்கு வேறு உயர்வு எதுவும் இல்லை.

சிக்கல் இலங்கையில்தான். வடக்கே பொன்முதுகுடன் வாழும் பறவைக்குப் பறவையியலாளர் விஸ்லர் 1944-இல் யாப்னென்ஸ் என்று யாழ்ப்பாணத்தின் பெயரையே இட்டார். தெற்கே வாழ்வதற்கு முதுகு குருதிச் சிவப்பு. அதனை 1793-இலேயே லிக்டென்ஸ்டைன் சரோடெஸ் என்று தனிச் சிற்றினமாக விவரித்திருந்தும், இரண்டும் சந்திக்கும் இடத்தில் செம்மஞ்சள் முதுகுடைய கலப்புப் பறவைகள் காணப்பட்டதால், பின்வந்தோர் அதனைத் துணைச் சிற்றினமாகத் தாழ்த்தினர். கலப்பு நிகழ்கிறது என்பதாலேயே இரண்டும் ஒன்றாகிவிடுமா என்பதே கேள்வி. 2016-இல் வெளியான ஆய்வு, உருவ அளவுகளையும் நிறத்தையும் மரபணுக்களையும் சேர்த்துப் பார்த்து, தெற்கத்திப் பறவை தனிச் சிற்றினமே என்று வாதிட்டது. இன்று பல பட்டியல்கள் அதனை ஏற்றுள்ளன. எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது, ஏனெனில் முதுகின் நிறத்தை மட்டும் நம்பியிருந்தால் இந்த வழக்கு தீர்ந்திருக்காது.

இத்தனை ஏற்றத்தாழ்விலும் புதுப்பெயர் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். விலங்கியல் பெயரிடல் விதிப்படி, துணைச் சிற்றினத்துக்கு இட்ட பெயர் சிற்றினத்துக்கும் செல்லும். ஆசிரியரும் ஆண்டும் மாறுவதில்லை. ஆகவே 1793-ஆம் ஆண்டுப் பெயர் அப்படியே நிற்கிறது. நடுவே வாழும் செம்மஞ்சள் பறவைக்குத்தான் அவ்விதியில் இடமில்லை: கலப்பினம் என்று அறிந்தே ஒன்றுக்கு இடப்படும் பெயர் செல்லாது. அருங்காட்சியகத்தில் அத்தகைய பறவையின் காலில் சீட்டுக் கட்டுபவர், பெற்றோர் இருவரின் பெயர்களையும் எழுதி நடுவே பெருக்கல் குறி இடுகிறார்.