சென்னையின் உச்சிப்பொழுது 12 மணி 9 நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம். வெளிநாட்டில் கிரிக்கெட் நடந்தால், "இந்திய நேரப்படி மாலை ஏழு மணிக்கு ஆட்டம் தொடங்கும்" என்று செய்தியில் சொல்வார்கள். அந்த இந்திய நேரம் எந்த ஊரின் நேரம்? தில்லி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். அந்தக் கோடு உத்தரப் பிரதேசத்தில் மிர்சாபூர் அருகே கடந்து, தெற்கே வந்து, ஆந்திராவில் காக்கிநாடா பக்கம் கடலில் இறங்கிவிடுகிறது. தமிழ்நாட்டைத் தொடுவதே இல்லை.

பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். சென்னை அந்தக் கோட்டுக்கு மேற்கே சுமார் இரண்டேகால் பாகை தள்ளி இருக்கிறது. ஆகவே சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12 மணி 9 நிமிடத்துக்கு. கோயம்புத்தூரில் 12 மணி 22 நிமிடம் ஆகிவிடும். சராசரி என்று ஏன் சொல்கிறேன் என்றால், பூமியின் அச்சு சாய்ந்திருக்கிறது, அதன் பாதையும் சரியான வட்டம் இல்லை. அதனால் சென்னையின் உச்சிப்பொழுது பிப்ரவரி நடுவில் 12:23 வரை தள்ளிப்போகும். நவம்பர் தொடக்கத்தில் 11:53-க்கே வந்துவிடும். டிசம்பர் 25-ஆம் தேதி இந்த ஏற்ற இறக்கம் ஏறக்குறைய இல்லை. அன்று மொட்டைமாடியில் ஒரு குச்சியை நேராக நட்டு, நிழல் எப்போது மிகவும் குட்டையாகிறது என்று பாருங்கள். பிள்ளைகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் இந்திய நேரத்திலிருந்து எத்தனை நிமிடம் விலகியிருக்கிறது என்று அந்த நிழலே காட்டிவிடும்.

இந்திய நேரம் வருவதற்கு முன்னால் ரயில்களை ஓட்டியது நம் மெட்ராஸ் நேரம்தான். நுங்கம்பாக்கத்தில், இன்றைக்கு வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகத்தில், 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வானாய்வகத்தை நிறுவியது. கருவியைத் தாங்குவதற்காக நட்ட கருங்கல் தூண் இப்போதும் அங்கே நிற்கிறது. லத்தீன், தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் அதில் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். ஜான் கோல்டிங்ஹாம் என்ற வானியலாளர் அங்கிருந்து வானத்தை ஆராய்ந்து சென்னையின் தீர்க்கரேகையைக் கணக்கிட்டார். லண்டனில் உள்ள கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முன்னால் இருப்பது மெட்ராஸ் நேரம் என்று ஆனது.

பம்பாய் 4 மணி 51 நிமிடம், கல்கத்தா 5 மணி 53 நிமிடம். இரண்டுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். ஒவ்வொரு ஊரும் தன் கடிகாரத்தை வைத்துக்கொண்டால் ரயில் அட்டவணை போடவே முடியாது. மெட்ராஸ் நேரம் இரண்டுக்கும் நடுவில் இருந்தது, நம்பகமான வானாய்வகமும் இங்கே இருந்தது. அதனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்வே மெட்ராஸ் நேரத்தை எடுத்துக்கொண்டது. நம் ஊர்க்காரர்கள் இதை இன்னும் அதிகமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

1884-இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு கிரீன்விச்சை முதன்மைத் தீர்க்கரேகையாக ஏற்றது. 1906 ஜனவரி 1-ஆம் தேதி இந்தியாவுக்கு ஐந்தரை மணி நேரக் கணக்கு வந்தது. ஏன் அரை மணி? ஐந்து மணிக்கான கோடு 75 பாகை, ஆறு மணிக்கானது 90 பாகை. இரண்டில் எதை எடுத்தாலும் நாட்டின் ஒரு பக்கம் ரொம்பத் தள்ளிப்போகும். நடுவில் 82.5 பொருந்தியது. சென்னைக்கு இது ஒன்பது நிமிட மாற்றம், அவ்வளவுதான். பம்பாய்க்கோ 39 நிமிடம். பஞ்சாலைத் தொழிலாளர்கள் அவ்வளவு முன்னதாக எழுந்து வேலைக்குப் போக வேண்டும் என்றால் கோபம் வராதா? வந்தது. பம்பாய் 1955 வரை தன் நேரத்தை விடவில்லை. கல்கத்தா 1948 வரை விடவில்லை.

நம் வீடுகளில் இந்தக் கதை இன்னும் உயிரோடு இருக்கும் இடம் ஜாதகம். ஜோதிடர்கள் கடிகார நேரத்தை அப்படியே எடுக்காமல், பிறந்த ஊருக்கான சுதேச மணியாக மாற்றிக் கணிப்பார்கள். அது அந்தந்த ஊரின் பழைய நேரமேதான். உலகப் போரின்போது 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை நாடு முழுவதும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடியது. அந்த ஆண்டுகளில் பிறந்த தாத்தா பாட்டியின் பிறந்த நேரத்தை எழுதினால் ஒரு மணி நேரத்தைக் கழிக்க வேண்டும். ஒரு லக்னம் சுமார் இரண்டு மணி நேரம்தான். கழிக்காவிட்டால் லக்னமே மாறிவிடலாம்.

இலங்கையில் 1996-இல் மின்தட்டுப்பாட்டுக்காகக் கடிகாரத்தை முதலில் ஒரு மணி நேரம் முன்னால் வைத்தார்கள், பிறகு அதை அரை மணியாகக் குறைத்தார்கள். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்திலேயே இருந்தன. ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் அரை மணி நேரம் மாறிவிடும். 2006 ஏப்ரலில்தான் நாடு முழுவதும் மீண்டும் ஐந்தரைக்குத் திரும்பியது.

இன்றைக்கு ஐந்தரைக் கணக்கால் அவதிப்படுவது வடகிழக்கு மாநிலங்கள். நம் நாட்டின் மேற்கு முனைக்கும் கிழக்கு முனைக்கும் சூரியக் கணக்கில் ஏறத்தாழ இரண்டு மணி நேர வித்தியாசம். டிசம்பரில் குவாஹாட்டியில் மாலை நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும். அலுவலகத்திலும் பள்ளியிலும் விளக்கு போட வேண்டியிருக்கிறது. அசாம் தேயிலைத் தோட்டங்கள் எப்போதோ தங்களுக்கென்று ஒரு மணி நேரம் முன்னால் ஓடும் 'பாகான் நேரத்தை' வைத்துக்கொண்டுவிட்டன. இந்திய நேரத்தை அணுக் கடிகாரங்களில் காத்துவரும் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் விஞ்ஞானிகளே 2018-இல் கிழக்குக்கு ஆறரை மணிக் கணக்கைப் பரிந்துரைத்தார்கள். அரசு ஏற்கவில்லை. ரயில்கள் குழம்பும் என்பது முக்கியமான அச்சம், அது நியாயமானதும்கூட. ஆனால் அந்த விஞ்ஞானிகள் எல்லையை வரைந்தது 89 பாகை 52 கலையில் (ஒரு பாகைக்கு 60 கலை), மேற்கு வங்கத்துக்கும் அசாமுக்கும் நடுவே நாடு மிகக் குறுகலாக இருக்கும் இடத்தில். அங்கே கடிகாரம் மாற்ற வேண்டிய ரயில் நிலையங்கள் மிகச் சிலவே. அதனால் இது செய்யக்கூடிய காரியம் என்றுதான் நான் நினைக்கிறேன். வணக்கம்.